கடைத்தெருக் கட்டணத்தின் ஆண்டுப் புதுப்பிப்பு: ஒரு சிறு விளக்கவுரை

கலிஃபோர்னியாவில் ஒரு கடைத்தெரு தன் மேம்பாட்டுக்காகச் செலுத்தும் கட்டணத்துக்கு ஆயுள் ஓராண்டு. 1989ஆம் ஆண்டின் வாகன நிறுத்த, வணிக மேம்பாட்டுப் பகுதிச் சட்டம் அப்படி வகுத்திருக்கிறது. அலங்கார விளக்கு, தெருவிழா, விளம்பரம் போன்ற பொதுக் காரியங்களுக்காக எல்லைக்குள் இருக்கும் கடைகளிடம் நகராட்சி வாங்கும் தொகை இது. நம் வணிகர்களின் மகமைக்குத் தூரத்து உறவு. மகமைக்குப் பின்னால் உறவின்முறை நின்றது. இதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

சட்டம் எதற்கு, சங்கம் போதாதா என்று கேட்பவர்களுக்கு விடை டொரான்டோவில் இருக்கிறது. 1960களில் அங்கே புளூர் தெருவுக்கு அடியில் ரயில் ஓடத் தொடங்கியது; மேலே டிராம் நின்றது. கடைகளைப் பார்த்துக்கொண்டே போன ஜனம் அவற்றின் அடியில் போனது. புறநகரில் பெரிய வணிக வளாகங்களும் வந்துவிட்டன. தெருவைச் சீர்செய்யச் சிலர் பணம் போட்டால், போடாதவர் வாசலிலும் அதே விளக்குதான் எரியும். ஆகவே 1970இல் எல்லாக் கடைகளும் கொடுத்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டுடன் புளூர் வெஸ்ட் வில்லேஜ் உருவானது. இவ்வகை வட்டாரங்களில் உலகிலேயே முதலாவது அதுதான். அந்தக் கட்டாயம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

கட்டாயம் நியாயமாக இருக்க வேண்டுமானால் புதுப்பிப்பு உண்மையாக நடக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அது நடக்கும் முறை இது: ஆலோசனைக் குழு ஆண்டறிக்கை எழுதும். நகர மன்றம் உத்தேசத் தீர்மானம் போட்டு, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறிக்கும். கூட்டம் முடிந்ததும் கட்டணம் உறுதியாகும்.

தடுக்க வழி உண்டு. மொத்தக் கட்டணத்தில் 50 சதவீதமோ அதற்கு மேலோ செலுத்தும் வணிகர்கள் எழுத்தில் ஆட்சேபித்தால் அந்தக் கட்டணம் ஓராண்டுக்கு நிற்கும். இந்த விதியில் இரண்டு சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒன்று, ‘செலுத்தும்’. எண்ணப்படுவது தலை அல்ல, தொகை. தையற்கடைகள் இருபது சேர்ந்தாலும் ஒரு பெரிய ஹோட்டலின் பங்கை எட்டாமல் போகலாம். மற்றது, ‘எழுத்தில்’. கூட்டத்தில் எழுந்து பேசியதை மன்றம் கேட்டுக்கொள்ளும், கணக்கில் சேர்க்காது. வாயே திறக்காதவர், ஊரிலேயே இல்லாதவர், கடிதம் எழுதத் தெரியாதவர் எல்லோரும் சம்மதித்தவர்கள் பக்கம்தான் வந்து சேர்கிறார்கள்.

இத்தனை எடை மௌனத்தின் மேல் ஏறுகிறது என்றால், மௌனமாக இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? வட்டாரத்தை முதலில் அமைக்கும்போது ஒவ்வொரு கடைக்காரருக்கும் தபாலில் அறிவிப்புப் போக வேண்டும். ஆண்டுப் புதுப்பிப்புக்கோ செய்தித்தாளில் ஒருமுறை வெளியிட்டால் போதும். இடையில் கடை வாங்கியவருக்கு அந்த முதல் தபாலும் வந்திருக்காது.

ஆண்டறிக்கையோ நல்ல ஆவணம். எந்தெந்தப் பணிகள், என்ன செலவு, போன ஆண்டின் மிச்சமோ பற்றாக்குறையோ எவ்வளவு, வேறு எங்கிருந்து பணம் வருகிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கட்டண முறையை, ஒவ்வொரு கடைக்காரரும் தன் பங்கைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் அளவுக்கு விளக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கடைக்காரர் கையில் காகிதமும் பென்சிலும் இருப்பதாக நினைத்து எழுதிய அந்த வாசகம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கணக்குப் போட அறிக்கை அவரிடம் போக வேண்டும். வியட்நாமிய, ஸ்பானிய, கொரியக் கடைகள் நிறைந்த தெருவில் அந்தந்த மொழியில் போக வேண்டும். சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு தபால் அனுப்ப எந்த நகராட்சிக்கும் தடை இல்லை. அதற்காகும் செலவை அறிக்கையின் மதிப்பீட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.