அங்கே சாப்பிட்டிருக்கீங்களா?

நல்ல பசியோடு ஓட்டலுக்குப் போகும்போது கூட அழைத்துப் போகக் கூடாத ஆள் ஒருவர் உண்டு. குறை சொல்கிறவரைச் சொல்லவில்லை. அவரைச் சமாளித்துவிடலாம், இன்னொரு வடை சொன்னால் அடங்கிவிடுவார். இவர் குறையே சொல்லமாட்டார். நீங்கள் முதல் விள்ளலை வாயில் வைத்துக் கண்ணை மூடித் திறப்பதற்குள், ரொம்பப் பரிவாக ஒரு கேள்வி கேட்பார்: "மயிலாப்பூர்ல ராயர் மெஸ்ஸுல சாப்பிட்டிருக்கீங்களா?"

இல்லை என்று சொன்னால் அந்த வேளை இட்லி உங்களுக்கு இல்லை. அந்தக் கெட்டிச் சட்னியை அவர் விவரித்து முடிப்பதற்குள் உங்கள் தட்டில் இருப்பது ஆறிப்போயிருக்கும். சாப்பிட்டிருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. "எத்தனை மணிக்குப் போனீங்க?" என்பார். எட்டரை என்றால் ஒரு புன்னகை. "எட்டரைக்குப் போனதெல்லாம் போனதுல சேர்த்தியே இல்ல சார்."

இவரை ருசிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், அதிலும் ஊர் ஊராக மாற்றிப் பந்தாடுகிற உத்தியோகம் பார்த்தவர்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் மற்றவர்கள் அந்த ஊரில் பள்ளிக்கூடம் எப்படி, தண்ணீர் எப்படி என்று விசாரிப்பார்கள். இவர் விசாரித்தது வேறு. நெல்லையப்பர் கோயில் எங்கே என்று இவரிடம் வழி கேட்டால், "இருட்டுக்கடைக்கு எதிர்ல" என்கிறார். விருதுநகர் என்றால் பொரிச்ச பரோட்டா. திருவையாறு என்றால் அசோகா. தியாகராஜர் ஆராதனைக்குத் தவறாமல் போகிறவர்தான். ஆனால் பஞ்சரத்ன கீர்த்தனை முடிந்து கூட்டம் கலைவதற்குள் கடையில் அசோகா தீர்ந்துவிடுமோ என்கிற கவலை ஐந்து ராகத்திலும் அவர் முகத்தில் தெரியும்.

வீட்டில் சுத்த சைவம். திண்டுக்கல்லில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த காலத்தைப் பேசும்போது மட்டும் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார். "சீரகச் சம்பா அரிசி சார். பொடிப்பொடியா, உதிரி உதிரியா. 1957ல ஆரம்பிச்ச கடை. நான் தெருவுல போறப்ப வாசனை பிடிச்சதோட சரி." வாசனை மட்டும் பிடித்தவருக்குக் கறி எத்தனை மெத்தென்று வெந்திருந்தது என்பது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. குடும்பம் நடத்துகிறவர்.

இழுத்து மூடிய ஓட்டல்கள் பக்கம் பேச்சு திரும்பினால்தான் மனிதர் களை கட்டுவார். சென்னை கதீட்ரல் சாலையில் 1962லிருந்து 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு இறங்காமலே சாப்பிடலாம். தட்டைக் கொண்டுவந்து கார்க் கதவில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த இடம் இப்போது செம்மொழிப் பூங்கா. பேரப்பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறார். மற்ற தாத்தாக்கள் பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் காட்டுவார்கள். இவர் ஒரு குரோட்டன்ஸ் செடி முன்னால் போய் நின்று, "இங்கதான்டா நம்ம கார் நிக்கும். இந்தப் பக்கம்தான் மசால் தோசை வரும்" என்கிறார். அவரிடம் என்றைக்கும் கார் இருந்ததில்லை. அது மேனேஜருடையது.

சரித்திரத்திலும் குறை வைக்கமாட்டார். பெங்களூர் எம்.டி.ஆர். 1924ல் தொடங்கியது. யுத்த காலத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி வார்த்துப் பார்த்ததாகக் கடைக்காரர்கள் சொல்வார்கள். அதையே ருசிக்காரர் சொல்லிக் கேட்டால், இரண்டாம் உலகப் போர் மூண்டதே ரவா இட்லிக்காகத்தான் என்று தோன்றிவிடும்.

இத்தனைக்கும் அவர் வேதம் நிதானம். எதையும் மெல்ல வேகவைக்க வேண்டும், அவசரப்படுத்தினால் ருசி ஓடிவிடும். இதை ஒரு சின்ன ஓட்டலில் உட்கார்ந்து அரைமணி நேரம் எனக்குச் சொன்னார். குக்கர் வந்து பருப்பின் குணத்தைக் கெடுத்தது, காஸ் வந்து குழம்பின் குணத்தைக் கெடுத்தது என்று யுகம் யுகமாகக் கடந்து இண்டக்‌ஷன் அடுப்புக்கு வந்து சேர்ந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வர் பையனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு தோசை சொல்லி எவ்வளவு நேரமாச்சு? மாவு இனிமேதான் அரைக்கணுமா?"

"கல்லுல இருக்கு சார்."

"சாம்பார்ல என்ன பருப்பு போடறீங்க?"

பையன் யோசித்தான். "மஞ்சப் பருப்பு சார்."

ருசிக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நாகரிகத்தின் அஸ்தமனமே தெரிந்தது. "திருவல்லிக்கேணி ரத்னா கேஃபேல," என்று ஆரம்பித்தார், "இட்லி சாம்பார்ல முங்கிக் கிடக்கும், மேல மேல ஊத்திக்கிட்டே இருப்பான். 1948லேர்ந்து ஊத்தறான்." அதற்குள் தோசை வந்தது. பேசிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். "எது?" என்றார்.

கல்யாண வீட்டில் பெண் என்ன படித்திருக்கிறாள், பையனுக்கு எங்கே வேலை என்றெல்லாம் இவர் கேட்பதில்லை. "சமையல் காண்ட்ராக்ட் யாரு?" பந்தி தொடங்கும் முன்பே பின்கட்டுக்குப் போய்க் கோட்டை அடுப்பைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். விறகு எரிந்தால் மொய்க் கவரில் ஒரு தாள் கூடும். எத்தனையோ வருடம் கழித்து அந்தத் தம்பதியை எங்கேயாவது பார்த்தால், "உங்க கல்யாணத்துல அந்த வெண்டைக்காய் மோர்க்குழம்பு!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அவர்கள் பெயர் ஞாபகம் இருக்காது.

ஆளைக் கிண்டல் செய்யலாம், ஆனால் விஷயத்தில் அவர் சொல்வது சரி. அரிசியையும் உளுந்தையும் அரைத்துக் கரைத்து வைத்தால் ராத்திரி முழுக்க அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வேலை செய்துதான் மாவு பொங்க வேண்டும். அவற்றை யாரும் விரட்ட முடியாது. மார்கழிக் குளிரில் அவையும் போர்வைக்குள் இருந்து எழுந்து வரத் தயங்கும். ஃபில்டரில் டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கினால்தான் காபி. பொறுமை இல்லாமல் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் தூளும் சேர்ந்து இறங்கும். அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, தெளியவைத்துக் கிண்ட வேண்டும். இதில் எதையும் சுருக்க முடியாது. ஆனால் இந்த நிதானத்தை எல்லாம் யார் பார்ப்பது என்கிற இடத்தில்தான் ருசிக்காரர் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். அம்மா ஆட்டுக்கல்லில் அரைத்த மாவைப் பற்றிக் கண் கலங்கப் பேசுவார். குழவியைப் பிடித்துச் சுற்றியதாகத் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு ஈயச்சொம்பு வாங்கி வந்தார். ஈயச்சொம்பு ரசத்தைப் பற்றி மனைவி கேட்டுக் கேட்டுக் காது புளித்த பிறகு, பேச்சாவது நிற்கும் என்று சம்மதித்தார். சொம்பு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். வாசல் அறையில் எனக்குப் பாடம் நடந்தது. காரீயம் விஷம், இது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் வெறும் சொம்பை அடுப்பில் வைக்கவே கூடாது. புளித்தண்ணீரை விட்ட பிறகுதான் ஏற்ற வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது, சொம்புக்கு ஆபத்தில்லை. நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் ரசம் செத்தது. இவ்வளவையும் அவர் எனக்குச் சொன்னார். அடுப்படியில் இருந்தவருக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

உள்ளே போனபோது சொம்பின் அடிப்பாகம் மெழுகாய் இளகி, பர்னரின் பல் இடுக்கெல்லாம் பளபளவென்று உறைந்திருந்தது. மனைவி இடுக்கியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். ருசிக்காரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் வருத்தமே இல்லை. "பாத்தியா, சொன்னேனே! சுத்தமான வெள்ளீயம், கலப்படமே கிடையாது!"

அன்று ரசம் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் வைத்தார்கள். நன்றாக இருந்தது. அதைச் சொல்லுமளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை.

அவர் ஒரே ஒருமுறை தானே சமைத்தார். மனைவி ஏதோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கல்சட்டியைத் தேடி எடுத்து, மகனை அனுப்பிச் செக்கு நல்லெண்ணெய் வாங்கி, மருமகளைச் சின்ன வெங்காயம் உரிக்க உட்காரவைத்து வத்தக்குழம்புக்கு ஏற்பாடு செய்தார். சுண்டைக்காய் வற்றலை எண்ணெயில் நிறம் மாறும்வரை வறுத்தார். வெந்தயம் சிவந்ததா கருகியதா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். புளியைக் கரைத்து விட்டு அடுப்பைச் சிறுத்து வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பச்சை வாசனை போக வேண்டும், பிறகு வற்ற வேண்டும், பிறகு எண்ணெய் பிரிந்து மேலே வந்து நிற்க வேண்டும். கிளற வந்தவர்களை விரலை உயர்த்தியே துரத்தினார். பேரப்பிள்ளைகள் பசி தாங்காமல் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். மூன்று மணிக்கு இறக்கினார். இறக்கிய பிறகும் கல்சட்டிச் சூட்டில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்ததாம்.

சூடான சாதம், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய், சுட்ட அப்பளம். யாரும் பேசவில்லை என்று மருமகள் என்னிடம் சொன்னாள். இரண்டாம் முறை சாதம் வடிக்க வேண்டியிருந்ததாம். மனைவி மூன்று தடவை விட்டுக்கொண்டார்.

இப்போது அந்த வத்தக்குழம்பும் பட்டியலில் சேர்ந்துவிட்டது, ரத்னா கேஃபேவுக்கும் எம்.டி.ஆருக்கும் நடுவில். போன வாரம் போயிருந்தபோது எனக்கும் வர்ணித்தார். கேட்டுக்கொண்டே காபி கொண்டுவந்த மனைவி, டம்ளரை வைத்துவிட்டு, "இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வைங்களேன்" என்றார்.

"அதெல்லாம் ஒரு தரம்தான் அமையும்" என்று கையை விரித்தார் ருசிக்காரர். "அந்தப் புளி இனிமே எங்க கிடைக்கும்?"

"பரண் மேல ஜாடியில பாதி அப்படியே இருக்கு" என்றார் மனைவி.