நுரைக்கு எத்தனை பார்?

கேள்வி: வீட்டுக்கு காபி மெஷின் வாங்கப்போகிறோம். பால் பொங்கப் பொங்க நுரைக்க வேண்டும். "15 பார்" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கலாமா? (வாசகி, அருப்புக்கோட்டை)

பதில்: அந்த பார் அழுத்தம் எல்லாம் டிகாஷனுக்கு, பாலுக்கு அதில் ஒரு சொட்டுக்கூட சேராது! எஸ்பிரெஸ்ஸோவுக்கே 9 பார் போதும். நுரை வருவது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் நீராவிக் குழாயில். கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீரைத் துப்பாமல், விடாமல் சீறினால் வாங்கலாம்.

ஃப்ரிட்ஜ் பாலை எடுத்து, குழாயின் நுனியை முதலில் பாலின் மேற்பரப்பில் வையுங்கள். கொஞ்சம் நுரைத்ததும் உள்ளே இறக்குங்கள். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அது சுமார் 60, 65 டிகிரி. உதடு சுட்டால்தான் காபி என்பவர் வீட்டில் இருந்தால் அந்தச் சூடு பத்தாது. அவருக்குப் பித்தளை பில்டரும் டபராவும்தான். உயர்த்தி ஆற்றினால் வரும் நுரைக்கு கரண்டே வேண்டாம்.

பெரிய பகை நம் ஊர் போர் தண்ணீர். உப்பும் சுண்ணாம்பும் படிந்து நீராவிக் குழாயை அடைத்துவிடும். குடிக்கிற கேன் தண்ணீரையே மெஷினுக்கும் ஊற்றுங்கள். ஒவ்வொரு முறை பால் நுரைத்த உடனே குழாயைத் துடைத்து, கொஞ்சம் நீராவியை வெளியே விட்டுவிடுங்கள்.