ஸ்மித்துக்கு அடித்த குருவி

மார்கழியில் கீழ்க்கட்டளை ஏரிப் பக்கம் கரண்ட் கம்பியில் வரிசை கட்டும் தகைவிலான்களுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பங்காளி உண்டு: கம்பிவால் தகைவிலான். உச்சந்தலை செங்காவி, முதுகு பளபள நீலம், வயிறு வெள்ளை, வாலில் நூல்போல இரண்டு கம்பி. விஞ்ஞானப் பெயர் ஹிருண்டோ ஸ்மித்தி.

யார் அந்த ஸ்மித்? நார்வே தாவரவியல் பேராசிரியர் கிறிஸ்டன் ஸ்மித். செடி பறிக்கப் போனவர்.

காங்கோ ஆறும் நைஜர் ஆறும் ஒன்றா என்று பார்த்துவர, 1816இல் கேப்டன் டக்கியை அனுப்பியது பிரிட்டிஷ் கடற்படை. கப்பலுக்கு நீராவி இயந்திரம் பொருத்தினார்கள். கனம் தாங்கவில்லை, கழற்றிப் போட்டுவிட்டுப் பாய்மரத்தோடு கிளம்பினார்கள். சகுனம் சரியில்லை என்று சொல்ல அந்தக் கடற்படையில் ஒரு பாட்டி இல்லாமல் போனாள். மேலே போனால் அருவி மறித்தது, கூடவே காய்ச்சல். பிராணி பிடிக்கப் போன ஜான் கிராஞ்ச் செப்டம்பரில் செத்தார், அதே மாதம் ஸ்மித், அக்டோபரில் டக்கி. சேகரித்த மூட்டை மட்டும் பத்திரமாக லண்டன் சேர்ந்தது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் அதைப் பிரித்தவர் வில்லியம் எல்ஃபோர்ட் லீச். 1818இல், பயண நூலின் பின்னிணைப்பில் குருவிக்குப் பெயர் சூட்டினார். நியாயப்படி அது கிராஞ்சுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் செடிக்காரருக்குக் குருவி. முன்பு செருப்பு தைத்துப் பிழைத்த கிராஞ்சுக்கு ஒரு கணவாய், கிராஞ்சியா. லீச்சின் தாராளம் அந்த ரகம். அதே வருடம் கரோலின், கரோலினா என்ற பெயரின் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டு நெரோசிலா, அனிலோக்ரா என்று அடுக்கினார். எதற்கு? மீன்மேல் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் ஒட்டுண்ணிகளுக்கு! அந்த அம்மாள் யாரென்று லீச் எழுதி வைக்கவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்.

இந்தக் கம்பிவால் நம் நாட்டிலும் உண்டு. இதற்கிடையில் அதை 1826இல் ஸ்டீபன்ஸ் என்பவர் தனி இனமாக்கி, ஃபிலிஃபெரா என்று எழுதிவிட்டார். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே இனம். பறவைப் பெயர்ச் சட்டமும் பல்லாவரம் பக்கத்து மனைத் தகராறும் ஒரே மாதிரிதான்: யார் பத்திரம் பழசோ, மனை அவருக்கு. 1818 ஜெயித்தது, ஃபிலிஃபெரா உட்பிரிவு எண்ணாகக் கடைசியில் ஒட்டிக்கொண்டது.

இந்தியாவை எட்டியே பார்க்காத மனிதர் பட்டாதாரர். நம் குருவி பாலத்துக்கு அடியில் சேற்றை உருட்டி ஒட்டிக் குடித்தனம் நடத்துகிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்காத ஓனர் யாருக்குக் கிடைக்கிறார்?