முன்பணம் கொடுத்தாயிற்று, பேய் இருந்தால் என்ன?

கொச்சி மட்டாஞ்சேரியில், மங்காட்டுமுக்கு என்ற இடத்தில், ஒரு பேய்க்கு மேடை வைத்திருக்கிறார்கள். கோபுரம் கிடையாது, கொடிமரம் கிடையாது. மெழுகுவர்த்தி எரிகிறது, ஊதுவத்தி புகைகிறது, படையலாகச் சுருட்டு இருக்கிறது. காப்பிரி முத்தப்பன் என்று பெயர். போர்த்துகீசியர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் ஆவி என்பது ஊர்வழக்கு. 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, ஓடவேண்டி வந்த போர்த்துகீசியப் பணக்காரர்கள் தங்கத்தை மரத்தடியிலும் சுவருக்குள்ளும் புதைத்தார்களாம். திரும்பி வரும்வரை காவலுக்கு ஆள் வேண்டுமே என்று அடிமைகளையும் வெட்டிக் கூடவே புதைத்தார்களாம். முதலாளி திரும்பவே இல்லை. காவல்காரர் மட்டும் மூன்றரை நூற்றாண்டாக டியூட்டியில் இருக்கிறார், மாற்றி விட ஆள் வரவில்லை. இவ்வளவு கொடுமைக்கு ஆளானவர் ஊரைப் பழிவாங்கியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவரோ மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார், சீட்டி அடிக்கிறார், இருட்டில் வழி தவறியவர்களுக்குத் துணை வருகிறார் என்கிறார்கள். பதிலுக்குக் கொஞ்சம் கள், புட்டு, மீன், முட்டை. தெரு முனையில் நிற்கும் எந்தப் பெரியவரையும்விட இவருக்கு ஆகும் செலவு குறைவு.

பேய்க்கதை படிப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. ரத்தக்குளம் வேண்டாம், அறுத்த தலை வேண்டாம், ஆனால் மாடியில் யாரோ நடக்க வேண்டும். வெளியே மழை, மேலே ஓடு, கையில் கட்டன்சாயா, மடியில் புத்தகம், கதைக்குள் ஒரு கதவு தானே திறக்க வேண்டும், திறந்து வருவது சாப்பிட்டாயா என்று கேட்கிற வகையாக இருக்க வேண்டும். இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று அசல் திகில் ரசிகர்கள் ஒதுக்கிவைப்பது வழக்கம். பாதிப் பேய்க்குப் பாதிப் பயம், அவ்வளவுதான் என்பது அவர்கள் தீர்ப்பு. எனக்கு அது தப்பாகப் படுகிறது. இதமான பேய்க்கதையின் சுகத்துக்குக் காரணம் பயம் குறைவாக இருப்பது கிடையாது. பேயின் தேவைக்கு ஓர் எல்லை இருப்பதுதான் காரணம். அதற்கு ஒரு விலாசம் இருக்கிறது, ஒரு பசி இருக்கிறது, அந்தப் பசியைத் தீர்க்க நம்மால் முடிகிறது. உயிரோடிருப்பவர்களில் எத்தனை பேரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? கடன் வசூலிக்க வருகிறவர் ஒரு சுருட்டோடு போவதில்லை.

தமிழர்களுக்கு இது புதிதும் இல்லை. வேதாளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் கதாசரித்சாகரத்தில் சொல்லும்போது பிணம் தொங்குவது சிம்சபா மரத்தில். காட்டு மரம், கம்பீரமான மரம், பிணம் தொங்கத் தோதான மரம். நாம் அதை இறக்கிக் கொண்டுவந்து முருங்கை மரத்தில் ஏற்றினோம். கொல்லைப்புறத்தில் நிற்பது, ஒரு காக்காய் அழுத்தி உட்கார்ந்தாலே கிளை முறிவது, மறுநாள் சாம்பாருக்குக் காய் கொடுப்பது. மரம் மாறியதும் வேதாளத்தின் குணமும் மாறிவிட்டது. பேய் என்பதைவிட, கதை சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்வி கேட்கிற வாத்தியார் என்றுதான் அது நம் மனத்தில் நிற்கிறது. அம்புலிமாமாவில் சங்கர் வரைந்த படத்தில், விக்கிரமாதித்தன் தோளில் சடலம் கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பிணம் சுமக்கும் படத்தைப் பற்றி யாரும் பெற்றோர் சங்கத்தில் புகார் செய்ததில்லை. சுருட்டுப் பிரியர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். காப்பிரி முத்தப்பனின் படையலைக் கேட்டதும் மதுரைப் பக்கத்து ஆளுக்கு முனியாண்டி நினைவு வராமல் போகாது. அந்த முனியாண்டியோ, உணவகம் நடத்தும் வடக்கம்பட்டிக்காரர்கள் புண்ணியத்தில், ஊர் ஊராகப் பிரியாணிக் கடைப் பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். காவல் தெய்வத்தின் பெயரைப் பார்த்து உள்ளே போய் சுக்கா வறுவல் கேட்கிற சமூகம், பேயோடு இதமாக இருப்பது எப்படி என்று இங்கிலாந்துப் பேய்க்கதைகளிடம் கற்க வேண்டியதில்லை.

மலையாளத்தில் இந்தப் பழக்கத்துக்கு எழுத்து ஆவணமே இருக்கிறது. 1909 முதல் 1934 வரை எட்டுப் பாகங்களாகக் கொட்டாரத்தில் சங்குண்ணி வெளியிட்ட ஐதீகமாலையில் கடமற்றத்துக் கத்தனார் வருகிறார். மந்திரவாதம் தெரிந்த பாதிரியார். காட்டுவழியில் அழகியாக வந்து சுண்ணாம்பு கேட்ட யட்சியைத் தலையில் ஆணி இறக்கி அடக்கிவிடுகிறார். சாதாரணத் திகில் எழுத்தாளர் கதையை அங்கே முடித்திருப்பார். சங்குண்ணியின் யட்சி காயங்குளத்தில் ஒரு கிழவியின் வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்து சேர்கிறாள். கிழவிக்கு இவள் யார் என்று தெரியாது. பிரியமாகத் தலை வாரிவிடும்போது ஆணி கையில் தட்டுப்படுகிறது, ஐயோ பாவம் என்று பிடுங்குகிறாள், யட்சி மாயமாகிறாள். பனை உயரத்துக்கு வளர்ந்து ஆளை விழுங்குகிறவளை, சிக்கெடுக்கிற சீப்பின் முன் உட்காரவைத்த அந்தக் கற்பனைக்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும். படிக்கிறவருக்குப் பயமும் போகவில்லை, கிழவி பிடுங்கப் போகிறாளே என்ற பதைப்பும் குறையவில்லை. ஆனாலும் அது ஒரு தாழ்வாரம், இரண்டு பெண்கள், மத்தியான வெளிச்சம்.

அடுத்த படியை ஏறியவர் எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்திய வைக்கம் முகமது பஷீர். அவருடைய ‘நீலவெளிச்சம்’ கதையில் ஓர் இளம் எழுத்தாளன் வாடகைக்கு வீடு எடுக்கிறான். முன்பணம் கொடுத்தபிறகுதான் தெரிகிறது, அங்கே கிணற்றில் விழுந்து செத்த பார்கவியின் ஆவி உலவுகிறது என்று. ஹாலிவுட் படமாக இருந்தால் ஏன் வீட்டைக் காலி செய்யவில்லை என்று கேட்போம். இங்கே கேட்கத் தோன்றுவதில்லை. கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிய மனிதர் யாராவது உண்டா? ஆகவே அவன் பேயிடம் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான், கிராமபோனில் பாட்டுப் போட்டுக் காட்டுகிறான், பேசிப் பேசிச் சிநேகமாகிறான். கதையின் உச்சக்கட்டத்துக்குக் காரணம் விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோவது. இவ்வளவுதான் சாமான்கள். 1964இல் வின்சென்ட் இதைப் ‘பார்கவி நிலையம்’ என்று படமாக்கினார், 2023இல் ஆஷிக் அபு மறுபடி எடுத்தார். ஆங்கிலத்தில் இதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் முறை ஆஸ்கார் வைல்டின் 1887ஆம் ஆண்டு காண்டர்வில் பேய். அதன் சங்கிலிச் சத்தம் தாங்காமல் வீட்டுக்கு வந்த அமெரிக்கர் எண்ணெய்ப் புட்டியை நீட்டுகிறார், தரையில் அது வளர்த்த ரத்தக்கறையைப் பையன் கறைநீக்கி போட்டுத் துடைக்கிறான். வைல்ட் பேயைக் கிண்டல் செய்கிறார். பஷீர் குடிவைக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேலையாகத் தெரிகிறது.

சரி, பயமே வராத பேய் ஒரு பேயா என்ற கேள்வி நியாயமானது. தமிழின் மிகச் சிறந்த பேய்க்கதை என்று கேட்டால் நானும் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைத்தான் சொல்வேன், 1943இல் வந்த அந்தக் கதையில் இதம் என்று ஒரு துளி கிடையாது. ஆனால் அதன் பேய் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாசலில் பிச்சைக்காரியாக வந்தவள், வீட்டு வேலைக்கு அமர்ந்து உள்ளே வருகிறாள். காயங்குளத்துக் கிழவி வீட்டு யட்சி வந்த அதே வழி. ஒரே வாசல், ஒரே வேலை. ஒரு கதையில் வீட்டுக்காரிக்கு இரக்கம், இன்னொன்றில் வீட்டுக்காரனுக்குச் சந்தேகம். இதம், திகில் இரண்டும் எதிரெதிர் ஊர்கள் என்று நினைப்பவர்களுக்கு இரண்டும் ஒரே அடுப்பங்கரையில் இருப்பது தெரிவதில்லை. நல்ல இதமான கதை, அந்தச் சந்தேகம் எந்த நிமிடமும் எழலாம் என்று காட்டிக்கொண்டே போகிறது. அது இல்லாமல் பேய் வெறுமனே தேநீர் ஆற்றிக்கொண்டிருக்கும் புத்தகங்களும் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. காப்பிரி முத்தப்பன் கொலையுண்ட மனிதர். அவரைச் சுருட்டுத் தாத்தாவாக்கிச் சிரிப்பது அந்தக் கொலையை மழுப்புவதில்லையா? பார்கவியும் செத்தவள்தான், யட்சிக் கதைகளில் பாதி ஏமாற்றப்பட்ட பெண்களின் கதை. இதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல முடியாது. ஆனால் மட்டாஞ்சேரியையும் பக்கத்துக் கோட்டைக் கொச்சியையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில்தான் செத்தார். இங்கேயே புதைத்து, 1539இல் எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் அந்த இடத்துக்குக் கம்பி வேலி போட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அவருக்குக் கல் இருக்கிறது, தேதி இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. ஆனால் புட்டு வைக்க ஆள் இல்லை. அடிமைகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. ஊர் அவர்களை ஞாபகம் வைத்துக்கொள்ளக் கிடைத்த ஒரே வழி பேயாக்குவதுதான், பேயோடு மூன்றரை நூற்றாண்டு பழக வேண்டும் என்றால் அது பயமுறுத்திக்கொண்டே இருக்க முடியாது. பயந்த ஊர் மேடையை இடித்துவிட்டுப் பூசாரியை அழைத்திருக்கும். பி.எஃப். மாத்யூஸ் ‘அடியாளப் பிரேதம்’ நாவலில் இந்த அடிமைப் பேயைக் கையில் எடுத்தபோது அதில் சிரிப்பு குறைவு, கோபம் அதிகம், 2020ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்ய அகாதமி விருதும் அதற்குக் கிடைத்தது. கோபமாக எழுத ஓர் ஆவி அவருக்குக் கிடைத்ததற்குக் காரணம், அதுவரை தெருக்காரர்கள் அதற்குச் சுருட்டுக் கொடுத்து வைத்திருந்தது.

மூடநம்பிக்கையை வளர்க்காதா என்று பகுத்தறிவாளர் கேட்பார், கேட்க வேண்டும். மந்திரவாதி கையில் பணத்தையும் சில சமயம் உயிரையும் இழந்தவர்கள் இருக்கும் நாடு இது. ஆனால் பேயை நம்புகிறவர் பேய்க்கதை படித்து ரசிப்பதை என்னால் சுலபமாகக் கற்பனை செய்ய முடியவில்லை. புலி உலவும் கிராமத்தில் புலிக்கதைக்கு மவுசு இருக்காது. கதை வாசகர் காரணம் கேட்கிற ஆள். கிணற்றில் விழுந்தவள் ஏன் மாடியில் நடக்கிறாள், மூன்றாம் அத்தியாயத்தில் பூட்டிய கதவு ஐந்தாம் அத்தியாயத்தில் எப்படித் திறந்தது என்று பேயிடமே கணக்குக் கேட்பார். இப்படிப் பழகியவரிடம் போய் எந்த மந்திரவாதியும் தகடு விற்றுவிட முடியாது, இரண்டாவது திருப்பத்தை இவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

இதமான பேய்க்கு இன்னொரு இலக்கணமும் உண்டு, அது அக்கம்பக்கத்து ஆளாக இருக்க வேண்டும். திருப்பூணித்துறை ஹில் பேலஸில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட ‘மணிச்சித்ரதாழ்’ 1993இல் வந்தபோது அதன் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, மலையாளப் படத்தில் தமிழில் மிரட்டினாள். அதே கதை 2005இல் தமிழுக்குச் சந்திரமுகியாக வந்ததும் பேய் தெலுங்குக்கு மாறியது. 2007இல் இந்திக்குப் போனதும் வங்காளியாகிவிட்டது. எந்த மாநிலமும் சொந்த மொழியில் பேய் பேசுவதை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் ரொம்ப தூரத்து மொழியையும் கொடுக்கவில்லை, கொஞ்சம் புரிய வேண்டுமே. இந்தக் கணக்குப்படி மட்டாஞ்சேரிப் பேய்களின் பாடு திண்டாட்டம். கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்தில் பேசுகிற இடத்தில் எதைப் பக்கத்து மொழி என்று எடுப்பது? காப்பிரி முத்தப்பன் பேசுவதைவிட்டுச் சீட்டி அடிப்பது விவேகம்.

உண்மையான சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. இந்த வகைக் கதைக்கு வீடு வேண்டும், வீடு போய்க்கொண்டிருக்கிறது. மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் அடுக்கிய கிடங்குகள் காபிக் கடைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறிவிட்டன. பாழடைந்து நிற்கும் வீட்டைப் பேய் பார்ப்பதற்கு முன்பே ஹோம்ஸ்டே நடத்துகிறவர் பார்த்துவிடுகிறார். இடித்த தறவாட்டு வீடுகளின் கதவும் தூணும் அலமாரியும் யூதத் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து விலைச்சீட்டோடு நிற்கின்றன. அலமாரிக்குள் குடியிருந்தது என்ன ஆயிற்று என்று விற்கிறவரும் கேட்பதில்லை, கப்பலில் ஏற்றிப் போகிறவரும் கேட்பதில்லை. மிச்சமிருப்பது அடுக்குமாடிக் குடியிருப்பு. கிணறு கிடையாது, பனை கிடையாது, முருங்கை நட அசோசியேஷன் அனுமதிக்காது. இனி எழுதப்படும் இதமான பேய்க்கதைகள் அங்கேதான் நடந்தாக வேண்டும், வாசலில் செக்யூரிட்டி நீட்டும் நோட்டில் தொடங்கி. பெயர், வண்டி எண், வந்த நேரம் எல்லாம் எழுதிவிடலாம். ‘யாரைப் பார்க்க’ என்ற கட்டத்தில் அது என்ன எழுதும், கீழிருந்து இன்டர்காமில் கேட்கும்போது மேலே இருப்பவர் ‘அனுப்புங்கள்’ என்பாரா என்பதை யோசிக்கிற எழுத்தாளருக்கு நல்ல நாவல் காத்திருக்கிறது.