காவலுக்குக் கட்டிய நாய்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறுத்தை ஊருக்குள் வந்தால் முதலில் பலியாவது நாய்தான். அதிலும் வாசலில் காவலுக்குக் கட்டியது என்றால் ஓடவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை. சிறுத்தைக்கு இலை போட்டுப் பரிமாறிய மாதிரி! விடிந்தால் அறுந்த சங்கிலி கிடக்கும். சிசிடிவி காட்சி வாட்ஸ்அப்பில் சுற்றும். உடனே வனத்துறைக்குப் போன்: "கூண்டு வைங்க சார்!" வேலியோரம் கொட்டிய கோழிக்கழிவுக்குத் தெருநாய் வரும், தெருநாய்க்குச் சிறுத்தை வரும் என்ற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. ராத்திரியில் நாயை உள்ளே படுக்கவைக்கலாமே என்றால், "வீடெல்லாம் நாறுமுங்க" என்கிறார் உரிமையாளர். சரி, கூண்டும் வந்தாயிற்று. இரைக்கு உள்ளே எதைக் கட்டுவார்கள்? ஆடு. ஆடு கிடைக்காவிட்டால், இன்னொரு நாய்.