எல்லாம் ஸ்டாண்டர்டுதான்

"ஸ்டாண்டர்டுதாம்மா. நீ ஒண்ணும் யோசிக்காத."

இதைச் சொல்லும்போது மாமாவின் வலது கை தானாக எழும்பிக் காற்றில் குறுக்காக ஒரு கோடு இழுக்கும். நாம் கேட்ட கேள்வியின் மேல்தான் அந்தக் கோடு விழுகிறது. அடித்தது அடித்ததுதான். மறுபடி கேட்டால், "இன்னும் அதையேவா பேசிக்கிட்டிருக்க?" என்பார்.

சமையலறையை மாற்றப் போகிறேன் என்று அத்தையிடம் வாயைவிட்டது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. சனிக்கிழமை நான் பசியாறி முடிப்பதற்குள் மாமாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது. சாவிக்கொத்தில் ஒரு மீட்டர் அளவுநாடா தொங்கியது. "யார்கிட்ட விலை கேட்ட? ஷோரூமா? அடிக்கு இவ்வளவு வெள்ளியா? கொள்ளைக்காரப் பய. நம்ம ஆளு மேருவில இருக்கான், காடிய எடு." காப்பாரில் பிறந்த மாமாக்கள் அத்தனை பேருக்கும் மேருவில் ஓர் ஆள் இருக்கிறான். அங்கே தடுக்கி விழுந்தால் மரப் பட்டறையில்தான் விழ வேண்டும் என்பதால் இது பெரிய சாதனை ஒன்றுமில்லை. ஆனாலும் மாமா அதைச் சொல்லும்போது பிரதமரின் கைப்பேசி எண்ணைத் தருகிற மாதிரி குரலைத் தாழ்த்துவார்.

எனக்கு வேண்டியிருந்தது மைட்டர் கதவு. சாதாரணச் சட்டக் கதவில் இரண்டு நெட்டுச் சட்டங்கள் மேலிருந்து கீழ்வரை ஓடும், குறுக்குச் சட்டங்கள் அவற்றுக்கு நடுவில் போய் முட்டும். மைட்டரில் நான்கு சட்டங்களின் நுனியையும் 45 டிகிரியில் சீவி, சாமி படத்துச் சட்டம் மாதிரி மூலைக்கு மூலை சேர்ப்பார்கள். சட்டத்தில் ஓடுகிற பள்ளக்கோடு மூலையில் அறுபடாமல் வளைந்து போகும். தோழி ஒருத்தி வீட்டில் அதைப் பார்த்த நாளிலிருந்து என் கதவுகளெல்லாம் எனக்கு அட்டைப்பெட்டி மாதிரி தெரிந்தன.

பட்டறையில் முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒரு படிவத்தை நீட்டினார். இரண்டு பக்கம். என்ன மரம், சட்டம் எத்தனை தடிமன், எத்தனை அகலம், நடுப்பலகை தட்டையா மேடா, வெளி ஓரம் எப்படி, வெனீர் வரி நெட்டாகவா படுக்கையாகவா, கதவு பெட்டியை முழுதாக மூடுமா பாதி மூடுமா உள்ளே அடங்குமா, கீல் துளை பட்டறையே போடுமா நாமே போட்டுக்கொள்வோமா, எந்தப் பக்கம். நான் ஆசையோடு நாற்காலியை முன்னால் இழுத்தேன். மாமா படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஸ்டாண்டர்ட் கான், பாஸ்?" என்றார் மாமா.

"ஸ்டாண்டர்ட், ஸ்டாண்டர்ட்," என்றார் தவுக்கே.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். தவுக்கேவின் ஸ்டாண்டர்டு அவர் பட்டறையில் மிச்சமிருந்த சரக்கு. மாமாவின் ஸ்டாண்டர்டு எது என்று எனக்கு மூன்றாவது கேள்வியில் விளங்கியது. நடுப்பலகை தட்டையாக வேண்டும் என்றேன். "மேடாத்தான் இருக்கும். நம்ம வீட்டில எப்படி இருக்கு?" என்றார். அவ்வளவுதான். 1998-இல் அவர் வீட்டில் எதைப் பொருத்தினார்களோ, உலகம் அதன்படி நடக்க வேண்டும். கதவு என்றில்லை. மொய் எவ்வளவு வைப்பது, ரசத்துக்குப் புளி எவ்வளவு, 5-ஆம் எண் கூட்டரசு சாலையில் லாரிக்கு லாரி முட்டிக்கொண்டு நிற்கிற மாலையில் காப்பாரிலிருந்து கிள்ளான் போக எத்தனை நிமிடம், எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார். கிள்ளானுக்கு ஸ்டாண்டர்டாக இருபது நிமிடம். அவருக்காகக் காத்திருந்தவர்கள் யாரும் அந்த இருபதைப் பார்த்ததில்லை.

தட்டைப் பலகையை மட்டும் சண்டை போட்டு வாங்கினேன். மற்ற கட்டங்களின் மேல் மாமா நீளமாக ஒரு கோடு இழுத்து நடுவில் எஸ், டி, டி என்று மூன்று எழுத்து எழுதினார். கடைசியில் அளவு. இதை மட்டும் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

மாமாவின் நாடாவில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் மில்லிமீட்டர். அவர் வாழ்நாளில் அங்குலப் பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறார். மலேசியாவில் மெட்ரிக் அளவுக்கான எடை அளவைச் சட்டம் வந்தது 1972-இல்; அது இன்னும் மாமாவின் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது. என் கதவு அகலம் 15 அங்குலம், உயரம் 30. படிவம் மில்லிமீட்டர் கேட்டது. மாமா கண்ணை மூடினார். "அங்குலத்துக்கு 25."

"25.4 மாமா."

கை எழும்பியது. கோடு விழுந்தது. "அந்தப் புள்ளி நாலையெல்லாம் அவன் பார்த்துக்குவான். ஸ்டாண்டர்டு."

முப்பது அங்குலத்தில் அங்குலத்துக்கு 0.4 விட்டால் 12 மில்லிமீட்டர், ஏறக்குறைய அரை அங்குலம், காற்றோடு போகும். அதை நான் அப்போது மனக்கணக்காகப் போட்டிருக்கலாம். போடவில்லை. மாமா 750 என்று எழுதி, ஒரு பெருக்கல் குறி போட்டு, 375 என்று எழுதினார். கட்டத்தின் தலையில் அகலம் முதலில், உயரம் பிறகு என்று அச்சடித்திருந்தது. மாமா உயரத்தை முதலில் எழுதினார். மனுசனையே உயரம்தானே முதலில் பார்க்கிறோம்!

கீழே கையெழுத்து வேண்டும் என்றார் தவுக்கே. மாமா பெருந்தன்மையாகப் பேனாவை என்னிடம் கொடுத்தார்.

ஐந்து வாரம் கழித்து பன்னிரண்டு கதவுகளும் மூன்று லாச்சி முகப்பும் வந்து இறங்கின. பார்க்க அவ்வளவு அழகு. மூலைகளில் நகத்தை வைத்துத் தேய்த்தேன், இணைப்பே தட்டுப்படவில்லை. சட்டம் ரப்பர் மரம். தோட்டத்து ஆட்கள் பால்மரம் என்பார்களே, அதுதான். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததை வெட்டி ஒரு காலத்தில் ரப்பர் உலர்த்தும் புகைக்கூடத்துக்கு விறகாகப் போட்டார்கள். பச்சையாக விட்டால் பூஞ்சையும் வண்டும் விடாது. போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்டபின் 1980-களிலிருந்து அதுவே மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. என் பாட்டி விடியலில் சீவிய மரத்தின் பேத்தி என் சமையலறைக்கு வந்திருக்கிறாள் என்று நெகிழ்ந்துகொண்டே ஒரு கதவை எடுத்துப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன்.

படுத்திருந்தது.

750 அகலம், 375 உயரம். எழுதியபடியே செய்திருந்தார்கள். சாதாரணச் சட்டக் கதவாக இருந்தால் திருப்பி வைத்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும், நெட்டுச் சட்டம் குறுக்கே கிடக்கும். மைட்டருக்கோ நான்கு மூலையும் ஒன்று. திருப்பி நிறுத்தினால் சட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. மாமாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தியா? நாலு பக்கமும் ஒண்ணுதான். திருப்பி மாட்டினா ஸ்டாண்டர்டு."

நடுப்பலகை வெனீரின் வரி இப்போது இடமிருந்து வலமாக, மழை வெள்ளம் மாதிரி ஓடியது. சரி, வரிதானே என்று விடலாம். கீல் துளைகள்? 35 மில்லிமீட்டர் வட்டத் துளை, கதவுக்கு இரண்டு. பட்டறை அதைப் படுத்த கதவின் பக்கவாட்டில் போட்டிருந்தது. கதவை நிமிர்த்தினால் துளைகள் உச்சந்தலைக்குப் போய்விடும். மாட்டினால் கதவு பக்கவாட்டில் திறக்காது, லாரி கேன்வாஸ் மாதிரி மேலே தூக்க வேண்டும்.

"இப்ப இதான் பேஷன்," என்றார் மாமா.

லாச்சி முகப்பைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. உயரம் 125 மில்லிமீட்டர். சட்டம் மேலே 57, கீழே 57. நடுவில் மிஞ்சியது 11. ஐஸ்கிரீம் குச்சிக்குப் பொன்சட்டம் போட்ட மாதிரி மூன்று. இவ்வளவு குட்டை முகப்புக்குச் சட்டம் வேண்டாம், ஒரே பலகையாகச் சொல்லுங்கள் என்று படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். தவுக்கே போன் செய்து "பெத்துல் கா, பாஸ்?", சரிதானா என்று கேட்கவும் செய்தாராம். போன் மாமாவுக்குப் போயிருக்கிறது. அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

மாமாவின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் வளர்ந்த லயத்து வீட்டுக்குச் சின்ன வயதில் போயிருக்கிறேன். வரிசை முழுக்க ஒரே கதவு, ஒரே சன்னல், ஒரே திண்ணை. கதவு உளுத்துப்போனால் தோட்டத்து ஆசாரி ஸ்டோரிலிருந்து இன்னொன்றைத் தோளில் தூக்கி வருவார், அளவே எடுக்காமல் மாட்டிவிட்டுப் போவார். பொருந்தும். தொழிலாளர் வீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் இது என்று 1966-இலும் பிறகு 1990-இலும் நாடாளுமன்றமே சட்டம் போட்டது. உனக்கு எந்த மாதிரிக் கதவு வேண்டும் என்று ஒருவரும் கேட்காத வாழ்க்கையில், கேட்காமலே வந்து சரியாகப் பொருந்துகிற ஒரு கதவு எவ்வளவு பெரிய நிம்மதி! அந்த நிம்மதியைத்தான் மாமா எனக்கும் வாங்கித் தரப் பார்த்தார்.

ஆனால் என்னிடம் கேட்டார்கள். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தவுக்கே இரண்டு பக்கம் நிறையக் கேள்வி அச்சடித்து, நாற்காலி போட்டு, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொல்ல நான் வாயைத் திறந்த ஒவ்வொரு முறையும் அந்தக் கை எழும்பியது. பணம் என்னுடையது, சமையலறை என்னுடையது, அதில் நிற்கிற கால் என்னுடையது. என் வாக்கியம் ஒன்றாவது முற்றுப்புள்ளிவரை போயிருந்தால் பன்னிரண்டு கதவும் நிமிர்ந்து வந்திருக்கும். புதிதாகச் செய்ய தவுக்கே மறுத்துவிட்டார். மறுக்காமல் என்ன செய்வார், கையெழுத்து என்னுடையதாயிற்றே.

அந்த வாரம் முழுக்க மாமா தினமும் வந்தார், அதையும் சொல்ல வேண்டும். என் சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பழைய துளைகளில் வட்டக்கட்டை வைத்துப் பசைபோட்டு அடைத்தார். மூன்று பேர் குடிக்கிற தே தாரேக்கை ஒருவராகக் குடித்தார். எட்டுக் கதவுகளுக்கு நீள ஓரத்தில் புதுத் துளை போட்டார். மேல்வரிசை நான்குக்குப் பொறுமை தீர்ந்து, தூக்குகிற மாதிரியே விட்டுவிட்டு, விழாமலிருக்கத் தாங்குகோல் வாங்கி வந்து மாட்டினார். அதற்கு மட்டும் அவர் காசு. ஜோடிக் கதவுகளுக்கு நடுவில் 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி எனக்கு 15. பல்லி ஒன்று அதன் வழியாக அலுவலகம் போவது போல் தினமும் நேரத்துக்குப் போய் வருகிறது.

நவம்பர் மழையில் மூலைகளும் வாயைத் திறந்தன. ஈரத்தில் மரம் அகலத்தில்தான் ஊதும், நீளத்தில் அசையாது. அப்போது 45 டிகிரி 45-ஆக நிற்காது. இணைப்பு உள்பக்கம் நெருக்கி வெளிநுனியில் விரியும். காய்ந்தால் தலைகீழ், வெளியே ஒட்டி உள்ளே விரியும். அடுப்புக்குப் பக்கத்துக் கதவில் ஒரே வருடத்தில் இரண்டையும் பார்த்துவிட்டேன். மைட்டரின் அழகோடு கூடப்பிறந்த நோய் இது. மூலையில் மயிரிழை விட்டால் குறையாகக் கொள்ளப்படாது என்று அதே பொடி எழுத்தில் இருந்தது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கை எழும்பவில்லை. "மரம் மூச்சு விடுது," என்றார். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பின்னால் ஒரு காடி. மாமாவின் நண்பர் மகள், செத்தியா ஆலாமில் புது வீடு, கையில் ஒரு சின்ன நோட்டுப்புத்தகம், பாவம், நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். மாமா அவளை நேராக என் சமையலறைக்குள் கூட்டிப்போனார். மேல்வரிசைக் கதவைத் தூக்கினார். தாங்குகோல் மெல்ல முனகியது.

"வரி ஏன் அங்கிள் இப்படிக் குறுக்கே போகுது?" என்றாள் அவள். "கதவுக்கு நடுவில இவ்வளவு..."

கை எழும்பியது.