தேளின் சுபாவமும் எபிசோடு எண்ணிக்கையும்: ஓர் ஆய்வு

ஆற்றைக் கடக்கத் தவளை முதுகில் ஏறிய தேள், பாதி வழியில் கொட்டிவிட்டது. ஏன் என்று கேட்டால், "என் சுபாவம் அப்படி." இரண்டும் மூழ்கின. இந்தக் கதையைப் பலரும் ஈசாப் தலையில் கட்டுகிறார்கள். அவருக்கு இதில் பங்கில்லை. 1933-இல் லெவ் நிடோபர்க்கின் ரஷ்ய நாவலில் தலைகாட்டி, 1955-இல் 'மிஸ்டர் அர்காடின்' படத்தில் ஆர்சன் வெல்ஸ் சொல்லப் பிரபலமானது. பழைய பாரசீக வடிவத்தில் தவளைக்குப் பதில் ஆமை. ஓட்டில் கொட்டிப் பார்த்த தேள் மட்டும் தண்ணீரோடு போயிற்று.

முடிவு உயிரியலுக்கு ஒத்துவரவில்லை. தேளுக்கு நான்கு ஜோடிப் புத்தக நுரையீரல்கள். நீருக்கடியில் மணிக்கணக்கில் கிடந்தும் பிழைக்கும் தேள்கள் உண்டு. தொலைக்காட்சித் தொடர் வில்லன்கள் அடுத்த சீசனில் திரும்பி வருவதற்கு இதைவிட விஞ்ஞானபூர்வமான விளக்கம் கிடையாது.

சினிமாவுக்கு இரண்டு மணி நேர அகலமுள்ள ஆறு போதும். தொடருக்கு அந்த முடிவு கட்டுப்படியாகாது. பாதி ஆற்றில் இருவரும் செத்தால் அடுத்த வாரம் யார் நடிப்பது?

முதல் சான்று, 'ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்' தொடரின் 'ஸ்கார்ப்பியன்' (1997). பொது எதிரியை முறியடிக்க, 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திர உயிரினக் கூட்டத்தோடு கைகோக்கப் பார்க்கிறார் விண்கப்பல் கேப்டன் ஜேன்வே. உதவித் தளபதி சகோட்டே இந்தக் கதையைச் சொல்லித் தடுக்கிறார். அவர் கதையில் தவளை இல்லை, நரி. விண்வெளிக்குத் தவளை முதுகு போதவில்லை போலும். கேப்டன் கேட்கவில்லை, போர்க் கொட்டவே செய்தது. ஆனால் கப்பலுக்குள் இருந்த செவன் ஆஃப் நைன் என்ற போர்க்கைக் கூட்டத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். கொடுக்கு கழற்றப்பட்ட அந்தத் தேள், 2001-இல் தொடர் முடியும்வரை நரியின் கப்பலிலேயே வேலை பார்த்தது.

இரண்டாம் சான்று, 'த சோப்ரனோஸ்' (1999-2007). மாஃபியா தலைவர் டோனி மனநல மருத்துவர் மெல்ஃபியிடம் பேசிப் பேசியே ஆறு சீசன் கடந்தது. சுபாவம் இம்மியும் நகரவில்லை. இத்தகையவர்களைப் பேச்சு சிகிச்சை கூர்தீட்டிவிடுகிறது என்று ஓர் ஆய்வில் படித்த மெல்ஃபி, 85-ஆவது எபிசோடில்தான் முதுகைச் சிலிர்த்து உதறினார். அன்றைய வாக்குவாதத்தில் டோனி மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று: காத்திருப்பு அறைப் பத்திரிகையிலிருந்து சமையல் குறிப்புப் பக்கத்தைக் கிழித்தது. கொலைகளைப் பொறுத்த தவளைக்கு, அந்தத் தாள்தான் கொட்டியது.

கடைசியான 86-ஆவது எபிசோடில் உணவகத்தில் டோனி நிமிர்ந்து பார்க்கிறார். திரை சட்டென்று கறுத்தது. கேபிள் போய்விட்டதென்றே பலர் நினைத்தார்கள். செத்தாரா, பிழைத்தாரா என்று ரசிகர்கள் இன்னமும் கட்சி கட்டி வாதாடுகிறார்கள். நுரையீரல் தரப்பில் வாதாட மட்டும் ஆள் கிடைக்கவில்லை.